இரண்டு மில்லி உள்ளே

பதினோரு நாளாகக் கிம் லெங் என்னோடு பேசவில்லை.
நானும் வலியப் போகவில்லை.
லாரி மட்டும் இருவரையும் ஏற்றிக்கொண்டு
பாசிர் பாஞ்சாங் காய்கறிச் சந்தைக்குப் போய்வந்தது,
நேர்சாலையிலும் இடம் வலம் அலைந்தபடி.

சண்டை சிஓஇ பற்றி, வண்டியின் ஆயுள் காகிதம்.
இன்னும் ஐந்து வருஷம் நீட்டலாம் என்பது நான்.
கழித்துக்கட்டிக் காசைப் பிரிப்போம் என்பது அவன்.
சொன்னோம்.
கொஞ்சம் அதிகமாகவும் சொன்னோம்.
அன்று மாலை ஜூரோங் வளைவில்
முன்சக்கரம் கரைக்கல்லில் ஏறியது. ஓட்டியது அவன்.
வளைந்த தண்டைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில்
வேறொன்று வாங்கி மாட்டினேன், கண்ணளவில்.

ஞாயிறு. சுங்கை காடுட்டில் பாதிக் கதவுகள் இறங்கிவிட்டன.
டயரின் உள்விளிம்பைத் தடவினேன்:
போகும்போது பட்டு, திரும்பும்போது ரம்பம்.
லேசர் வைத்திருப்பவன் சொன்ன விலையில்
ஒரு வாரத்து டீசல் அடிக்கலாம்.

இது ஒற்றை அச்சு.
ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்
மற்றது தோள் தூக்கும்.
சாய்வெல்லாம் உலையிலேயே முடிவானது,
அதனோடு மல்லுக்கு நிற்க முடியாது.
கைக்கு எட்டுவது ஒன்றுதான்:
முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு.

காற்று பார்த்தேன்.
கிங்பின்னில் ஆட்டம் உண்டா என்று
கடப்பாரை கொடுத்து நெம்பினேன். இல்லை.
ஜாக்கியில் ஏற்றி, டயருக்குச் சுண்ணாம்பு பூசி,
கட்டையில் அறைந்த ஆணியை அசையாமல் பிடித்தேன்.
கிம் லெங் சக்கரத்தைச் சுழற்றினான்.
கூப்பிடவில்லை, வந்தான்.
வெள்ளையின் நடுவே தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு
சுற்றிவந்து தன்னையே தொட்டது.
மற்றதற்கும் ஒன்று.
இறக்கி, ஓராள் நீளம் முன்னே தள்ளினோம்,
பட்டைகள் தம் இடத்தில் உட்கார.

டேப்புக்கு இரண்டு முனை.
பூஜ்யம் என் பக்கம், வயிற்றில் படுத்து நகத்தால் அழுத்தினேன்.
படிக்க வேண்டியது அவன்.
எங்கள் கணக்கு எப்போதும் சந்தை மலாயில்தான்.
பின்னால், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல்,
"தீகா லாப்பான்." முப்பத்தெட்டு.
முன்னால்,
"அம்பாட் செம்பிலான்." நாற்பத்தொன்பது.
பதினோரு மில்லி விரிந்து கிடந்தது.
நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்ட புத்தியைத்
திட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தேன்.

குறுக்குத் தண்டு அச்சுக்குப் பின்னால்.
ஒரு முனை வலம்புரி, மறுமுனை இடம்புரி.
நடுவில் பிடித்து ஒரு திருப்பு:
இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே நகரும்.
பின்னே விலக விலக முன்னே நெருங்கும்.
இருபது வருஷமாகச் செய்கிறேன், இன்னமும்
எந்தப் பக்கம் என்று விரலைச் சுழற்றிப் பார்த்துத்தான்.

அரைத் திருப்பு. தள்ளு. அள.
கால் திருப்பு. தள்ளு.
மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்கு அடியில்
எண்களைக் கத்த வேண்டியதாயிற்று.
கத்தினோம், கோபம் இல்லாமல்,
லீமா, அம்பாட், சாலா, சாலா, திரும்ப.

பின்னால் நாற்பத்துநான்கு, முன்னால் நாற்பத்திரண்டு.
சரிசமமாக நிறுத்தினால் ஓட்டத்தில் விரிந்துவிடும்.
நிற்கும்போது சற்று உள்ளே பார்க்கட்டும்,
சாலை தள்ளி நேராக்கிக்கொள்ளும்.
"துவா," என்றான்.
கவ்வியை இறுக்கினேன்.

கிராஞ்சி சாலையில் கையை விட்டுப் பார்த்தான்.
போனது, நேராக,
மழைநீர் வடியச் சாய்த்த தார் இழுத்த அளவுக்கு
மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி.
ஸ்டியரிங்தான் கோணல். அதற்குத் தனித் தண்டு,
தனி வேலை.
பட்டறை வாசலில் இறங்கக் கதவைத் திறந்தேன்.

"பேசோ," என்றான்.

மலாயில் அது நாளைக்கு.
என் காது அதைத் தமிழில் வாங்கிக்கொண்டது,
கொஞ்ச நேரம் திருத்தாமல் விட்டேன்.

இறங்கிக் குனிந்து பார்த்தால்
டயரில் கோடும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.
சிஓஇ முடிய
இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.